உடல் தானம்: படிவம் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள் பலர், ‘சடங்கு வேண்டாம், உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்துவிடுங்கள்’ என்று படிவத்தில் கையெழுத்துப் போட்டு பீரோவில் வைத்துவிடுகிறார்கள். இறந்த அன்று பக்தியுள்ள மகனோ தங்கையோ ‘கொள்ளி வைக்காமல் எப்படி?’ என்று அழுதால் அந்தப் படிவம் செல்லாக்காசுதான். நெருங்கிய உறவினர் மறுத்தால் கல்லூரியில் உடலை வாங்கத் தயங்குவார்கள். உயிலில் எழுதி வைப்பதும் உதவாது. உயிலைப் பிரிப்பதே பெரும்பாலும் கருமாதி முடிந்த பிறகுதான்.

ஆகவே யார் அதிகம் எதிர்ப்பாரோ அவரிடம்தான் முதலில் பேச வேண்டும். படிவம் அரசு மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையில் கிடைக்கும். சாட்சிக் கையெழுத்துக்கு இயக்கத் தோழர்களை அழைத்துப் போவது வழக்கமாக இருக்கிறது. ஆனால் மனைவி, மகன், மகள் என்று உடலை ஒப்படைக்கப் போகிறவர் கையெழுத்துப் போட்டிருந்தால்தான் அன்றைக்கு அது நிற்கும்.

பேசும்போது கடவுள் உண்டா இல்லையா என்ற வாதம் வேண்டவே வேண்டாம். ஆத்மா சாந்தியடையுமா, ஊர் என்ன சொல்லும் என்பதுதான் அவர்கள் கவலை. நீர்மாலை எடுப்பது, குளிப்பாட்டுவது, கோடி போடுவது, தேவாரம் பாடுவது எல்லாம் வீட்டில் நடக்கட்டும். சுடுகாட்டுக்குப் போக வேண்டிய வண்டி கல்லூரிக்குப் போகும், அவ்வளவுதான். பதினாறாம் நாள் காரியத்துக்குப் படம் போதும். உடல் கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பைப் புல்லில் உருவம் செய்து எரிக்கும் முறை அவர்கள் மதிக்கும் சாஸ்திரத்திலேயே இருக்கிறது. குடும்பப் புரோகிதரை முன்கூட்டியே கேட்டு வைக்கலாம். இதற்கெல்லாம் இடம் கொடுத்தால் கொள்கை என்னாவது என்று சிலர் கேட்கிறார்கள். அன்று அழப்போகிறவர்கள் வீட்டார்தான். அவர்களுக்கு ஒரு பிடிமானம் வேண்டாமா?

ஒன்றை மட்டும் மறைக்கக் கூடாது. எலும்போ சாம்பலோ கைக்கு வரும் என்று எதிர்பார்க்க முடியாது. ராமேஸ்வரத்தில் அஸ்தி கரைக்க வேண்டும் என்றிருப்பவருக்கு இது பின்னால் தெரிந்தால், அந்த மனக்குறை ஆறவே ஆறாது.

வீட்டில் இரவில் இறந்தால் சிக்கல் அதிகம். இறப்புக்கான காரணத்தை எழுதி மருத்துவர் ஒருவர் சான்று தர வேண்டும். வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் முன்பே சொல்லி வையுங்கள். விபத்து, தற்கொலை என்றால் பிரேதப் பரிசோதனை உண்டு, உடலைப் பொதுவாக ஏற்க மாட்டார்கள். உடல் கெடாமல் இருக்க ரத்தக் குழாய் வழியாக ஃபார்மலின் ஏற்றுகிறார்கள். குழாய்கள் வெட்டுப்பட்டிருந்தால் மருந்து வெளியே கசிந்துவிடும். அழுகத் தொடங்கிய உடலிலும் அது எல்லா இடத்துக்கும் பரவாது. வெளிநாட்டிலிருந்து பிள்ளை வரட்டும் என்று வெறும் ஐஸ் பெட்டியை நம்பி நாள் கடத்தினால் கல்லூரியில் உடலைத் திருப்பி அனுப்பிவிடக்கூடும். காத்திருக்கத்தான் வேண்டுமென்றால் கல்லூரியின் குளிர்பதன அறையில் வைக்க முடியுமா என்று உடனே கேளுங்கள். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை வகைத் தொற்று இருந்தாலும் ஏற்பதில்லை.

கண் தானம் தனி. 6 மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். மின்விசிறியை நிறுத்தி, இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைத்து, தலைக்குத் தலையணை கொடுத்து உயர்த்தி வைக்க வேண்டும். கண்ணைக் கொடுத்த பிறகும் உடலைக் கொடுக்கலாம். 2010இல் மறைந்த மேற்கு வங்க முன்னாள் முதல்வர் ஜோதி பாசுவின் கண்கள், உடல் இரண்டுமே தானமாகத் தரப்பட்டன.

உடலைப் பெற்றுக்கொண்டதற்கான கடிதத்தைக் கையோடு வாங்கிவிட வேண்டும். 21 நாளுக்குள் இறப்பைப் பதிவு செய்யப் போகும்போது சுடுகாட்டு ரசீது கேட்டால் காட்ட வேறு ஆதாரம் இருக்காது.

ஞாயிறு, பொங்கல் விடுமுறைகளில் துறையில் யாரும் தொலைபேசியை எடுக்காமல் குடும்பங்கள் அலைவதைத் தவிர்க்க, 24 மணி நேரமும் பேசக்கூடிய ஒரு எண்ணை ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரியும் படிவத்திலேயே அச்சிட வேண்டும். சுகாதாரத் துறை இதைச் செய்யுமா?

— உடல் தானப் படிவம் நிரப்ப உதவும் தன்னார்வலர்கள்,
மதுரை