சர்க்கரையைப் பாட்டிலில் குறைக்காதே

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் மருமகளும் உங்கள் ஊர் எல்டர் மரத்து வெள்ளைப் பூவில் சர்பத் போட்ட படம் பார்த்தேன், நிறம் அழகாகத்தான் வந்திருக்கிறது, ஆனால் கீழே "சர்க்கரையைப் பாதியாகக் குறைத்துவிட்டோம் அம்மா" என்று எழுதியிருந்தாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் ம்ம் கொட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாய்.

சர்பத்துக்குக் காவல் சர்க்கரைதான். 1 கிலோ சர்க்கரைக்கு அரை லிட்டர் தண்ணீர், அதாவது எடையில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை. அந்த அடர்த்தியில் ஈஸ்டும் பூஞ்சையும் பிழைக்கத் தேவையான தண்ணீரைச் சர்க்கரையே பிடித்து வைத்துக்கொள்கிறது, அதனால்தான் புளிப்பதில்லை. பாதியாகக் குறைத்தால் அது சர்பத் இல்லை, பானகம். திருவையாற்று ஏழூர்த் திருவிழாப் பல்லக்கு நம் கண்டியூர் வரும்போது வாசலில் அண்டா நிறையக் கரைப்போமே, அதை அன்றைக்கே குடித்துத் தீர்த்துவிடுகிறோம், யாரும் பாட்டிலில் அடைத்து வைப்பதில்லை. உனக்கு இனிப்பு வேண்டாமென்றால் டம்ளரில் ஒரு ஸ்பூன் குறைத்து ஊற்று, யார் கேட்கப்போகிறார்கள்? இப்போது போட்டு வைத்திருப்பதை ஃபிரிட்ஜில் வைத்துச் சீக்கிரம் காலி செய். மூடியைத் திறக்கும்போது புஸ்ஸென்று நுரைத்தால் யோசிக்காமல் கொட்டிவிடு.

அதற்காகச் சர்க்கரையை அள்ளியும் போடாதே. சாதாரண வெப்பத்தில் தண்ணீர் கரைத்து வைத்துக்கொள்ளும் எல்லையும் ஏறக்குறைய அந்த மூன்றில் இரண்டுதான், அதைத் தாண்டினால் அடியில் கற்கண்டு கட்டும், உங்கள் ஊர்க் குளிருக்கு இன்னும் சீக்கிரம் கட்டும். எலுமிச்சைச் சாறு விடுவது ருசிக்கு மட்டும் என்று நினைக்காதே, அந்தப் புளிப்பு சூட்டில் சர்க்கரையில் கொஞ்சத்தைக் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸுமாக உடைத்துவிடும், கலவையாக இருந்தால் அவ்வளவு லேசில் உறையாது. (ரிடையரானாலும் கெமிஸ்ட்ரி டீச்சர் புத்தி போகாது, பொறுத்துக்கொள்.) கம்பிப் பதம் வரைக்கும் காய்ச்ச வேண்டாம், விரலில் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டினால் போதும், இறக்கிவிடு.

நன்னாரிக்கு வருகிறேன். தஞ்சாவூர் கீழவாசல் நாட்டு மருந்துக் கடையில்தான் வேர் வாங்குகிறேன், வாங்குமுன் ஒன்றை ஒடித்து முகர்ந்து பார்ப்பேன், கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, வாசனை இல்லாத வேரை வீட்டுக்குக் கொண்டுவந்து என்ன செய்ய? மண் போகக் கழுவி, அம்மியில் வைத்துத் தட்டினால் தோல் தனியே பிரியும், நடுவில் வெள்ளையாக ஒரு குச்சி வரும், அதைத் தூர எறிந்துவிடு. மணம் முழுக்கத் தோலில் இருக்கிறது. அந்த மணத்தைக் கொடுக்கும் பொருளும் வெனிலாவின் வெனிலினும் ஒரே அணுக்கள், அடுக்கு மட்டும் வேறு, ஐஸ்க்ரீம் கடை வாசனை கொஞ்சம் தட்டுகிறதே என்று நீ சின்ன வயதில் சொன்னது சரிதான். 100 கிராம் தோலுக்கு முக்கால் லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, அதில் தோலைப் போட்டு மூடி ராத்திரி முழுக்க வைத்துவிடு. வேரையே போட்டுக் கொதிக்கவைப்பவர்கள் உண்டு, தெரு முழுக்க மணக்கும், பாட்டிலில் ஒன்றும் மிஞ்சாது. காலையில் வடிகட்டினால் அரை லிட்டர் சுமாருக்கு நிற்கும், அதில் சர்க்கரையைக் கரைத்து லேசாகச் சூடேற்றி எலுமிச்சை பிழிந்தால் முடிந்தது. கடை பாட்டிலில் இருக்கும் கருஞ்சிவப்பு வராது, வெளிர் பழுப்பாகத்தான் இருக்கும், பயப்படாதே.

செம்பருத்தி இதைவிடச் சுலபம். கொல்லையில் இருக்கும் ஐந்திதழ்ச் சிவப்புதான் நல்லது, அடுக்குச் செம்பருத்தி கொழகொழவென்று ஆகிவிடுகிறது. காம்பையும் நடுத்தண்டையும் கிள்ளிவிட்டு இதழை மட்டும் வெந்நீரில் போட்டால் மங்கலான ஊதாவாக நிற்கும், பார்க்கவே சகிக்காது, எலுமிச்சை பிழிந்ததும் பளிச்சென்று சிவக்கும். மருமகள் கேட்ட சங்குப்பூவும் இதே கதைதான், நீலத்திலிருந்து கத்தரிப்பூ நிறத்துக்குப் போகும். இரண்டிலும் ஆந்தோசயனின் என்ற நிறமி, புளிப்பு பட்டால் நிறம் மாறும். ஆனால் சங்குப்பூவுக்கு என்று ருசி கிடையாது, அவளிடம் சொல்லிவிடு, கூடவே நாலு துளசி இலையோ இஞ்சியோ போட்டால்தான் குடிக்கலாம்.

பன்னீர் ரோஜாவை அடுப்பில் ஏற்றவே கூடாது. பாகை இறக்கி, கை பொறுக்கும் சூடு வந்தபின் இதழைப் போட்டு மூடிவை. மாலை கட்டும் கடை ரோஜா வேண்டாம், என்ன மருந்து அடித்திருக்கிறார்கள் என்று தெரியாது. பூ என்றால் எல்லாவற்றையும் பறித்துப் போடும் ஆர்வம் உனக்கு உண்டு, நம் வேலியோரத்து அரளி வேரிலிருந்து பூ வரைக்கும் விஷம், அது சாமிக்கு மட்டும்.

உங்கள் எல்டரும் லேசுப்பட்டதில்லை. பூ சரி, இலையும் தண்டும் பச்சைக் காயும் நஞ்சு. படத்தில் காம்போடு கொத்துக்கொத்தாக மிதந்ததைப் பார்த்தேன், அடுத்த தடவை தடித்த காம்பையெல்லாம் நறுக்கிவிட்டுப் போடு. அதே வெள்ளைக் கொத்துப் பூவோடு அங்கே ஹெம்லாக் என்று ஒரு கொடிய விஷச் செடியும் வளர்கிறது, அது கட்டையாகாத தண்டுள்ள செடி, எல்டர் கட்டை பாய்ந்த சிறு மரம். மரத்தைப் பார்த்துப் பறி, பூவை மட்டும் பார்த்துப் பறிக்காதே.

பாட்டிலை வெந்நீரில் கழுவி ஒரு சொட்டு ஈரமில்லாமல் காயவை. வெயில் இல்லையென்று சாக்குச் சொல்லாதே, ஓவன் இருக்கிறது. அப்புறம், பக்கத்தில் இலங்கைத் தமிழர் கடை இருக்கிறது என்றாயே, அங்கே காய்ந்த நன்னாரி வேர் கிடைக்கிறதா என்று கேள், ஒடித்து முகர்ந்து பார்த்துவிட்டு எனக்குச் சொல்.

அன்புடன்,
அம்மா