அமெரிக்காவில் வாக்குரிமை உள்ள நம் மாவட்டத்து மக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் என்று நம் ஊர்களில் படித்து வளர்ந்து, வேலைக்குப் போன இடத்தில் குடியுரிமையும் பெற்று, இன்று நியூ ஜெர்சியிலும் டெக்சாஸிலும் கலிபோர்னியாவிலும் வாக்களிக்கிற உங்களுக்காக இதை எழுதுகிறோம். அமெரிக்க அதிபருக்கு நாங்கள் எழுதிப் பயனில்லை. அங்குள்ள ஒரு நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதினாலும், தொகுதிக்காரர் இல்லை என்று அந்த அலுவலகம் ஒதுக்கிவிடும். நீங்கள் பேசினால் அது கணக்கில் ஏறும்.

ஓர் அதிபர் தன் நாட்டு மக்கள் மன்றத்தைக் கேட்காமலே போரில் இறங்குகிறார். நடந்ததைப் பற்றி மக்களிடம் நிரூபணம் இல்லாமல் அடித்துப் பேசுகிறார். இது எங்களுக்கு ஆத்திரமாகத்தான் இருக்கிறது. அதிபரின் போர் அதிகாரத்தைக் கட்டுப்படுத்த 1973இல் வந்த சட்டம் எங்கே ஒடிகிறது, எதைப் பிடித்தால் நிற்கும் என்பதை விவரமாகச் சொல்லிவிட்டால் உங்கள் கையில் அது பயன்படும் என்று நம்புகிறோம்.

2025 ஜூன் 13 அன்று இஸ்ரேல் ஈரானைத் தாக்கத் தொடங்கியது. அமெரிக்கா அதில் சேருமா என்பதை இரண்டு வாரத்துக்குள் அதிபர் டிரம்ப் முடிவு செய்வார் என்று ஜூன் 19 அன்று வெள்ளை மாளிகை அறிவித்தது. இரண்டே நாளில், வாஷிங்டன் நேரப்படி 21ஆம் தேதி மாலை, ஏழு பி-2 குண்டுவீச்சு விமானங்கள் ஈரானின் அணுத் தளங்களான ஃபோர்டோவில் 12, நத்தான்ஸில் 2 என்று 14 குண்டுகளைப் போட்டன. ஒவ்வொன்றும் 30,000 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 13,600 கிலோ. இஸ்ஃபஹான் அணுத் தளத்தின் மீது ஏவுகணைகள் வீசப்பட்டன. இதற்காக அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளான பிரதிநிதிகள் சபையிலோ செனட்டிலோ எந்த வாக்கெடுப்பும் நடக்கவில்லை. நாடாளுமன்றத்துக்கு எழுத்து மூலமான அறிக்கை 23ஆம் தேதியிட்டுப் போனது. அதே நாளில் கத்தாரிலுள்ள அல் உதெய்த் அமெரிக்கப் படைத்தளத்தின் மீது ஈரான் ஏவுகணை வீச, கத்தார், பஹ்ரைன், குவைத் வான்வழிகள் மூடப்பட்டன.

இதில் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு என்ன என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள். தூத்தூர் முதல் முட்டம் வரையுள்ள கடற்கரை ஊர்களிலிருந்து ஈரானின் கிஷ் தீவுக்கும் அதன் தென்கரைக்கும் மீன்பிடி வேலைக்கு ஆட்கள் போகிறார்கள். மாதச் சம்பளம் கிடையாது, பிடித்த மீனில் பங்குதான். படகு கரையில் கிடந்தால் பங்கு இல்லை. சாப்பாட்டுக்கே முதலாளியிடம் கடன் ஏறும். பாஸ்போர்ட்டும் பெரும்பாலும் முதலாளி கையில்தான் இருக்கும். அந்த ஜூனில் இந்திய அரசு நடத்திய ஆபரேஷன் சிந்து மீட்பு விமானங்கள் மஷ்ஹத், ஆர்மீனியா, துர்க்மெனிஸ்தான் வழியாகக் கிளம்பின. மஷ்ஹத் ஈரானின் வடகிழக்கு மூலை, கிஷ் தென்கடல். இடையே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். கையில் பாஸ்போர்ட் இல்லாத ஒரு தொழிலாளி, குண்டு விழுகிற நாட்டில் அவ்வளவு தூரத்தைத் தாண்டிப் போய் விமானம் ஏறியாக வேண்டும். அந்த 14 குண்டுகளுக்கு யாரும் வாக்குக் கேட்காததன் விலையை இங்கே வீட்டிலிருக்கிற பெண்கள் போன் கையுமாகக் கொடுத்தார்கள்.

இனி சட்டம். போரை அறிவிக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு என்று அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் பிரிவு, 8ஆம் உட்பிரிவு சொல்கிறது. அந்த அதிகாரத்தை அவர்கள் கடைசியாக முறைப்படி பயன்படுத்தியது 1942இல். கொரியா, வியட்நாம் என்று அதன் பிறகு நடந்தவை எதற்கும் போர் அறிவிப்பு கிடையாது. வியட்நாமில் பட்ட பிறகுதான் 1973இல் போர் அதிகாரச் சட்டம் வந்தது. அப்போதைய அதிபர் நிக்சன் கையெழுத்திட மறுத்து அதை ரத்து (வீட்டோ) செய்தார். நவம்பர் 7 அன்று பிரதிநிதிகள் சபை 284-135, செனட் 75-18 என்ற வாக்கில் அந்த ரத்தைத் தள்ளிவிட்டுச் சட்டமாக்கின. படையை மோதலில் இறக்கினால் 48 மணி நேரத்துக்குள் அறிக்கை தர வேண்டும். 60 நாளுக்குள் அனுமதி கிடைக்காவிட்டால் நிறுத்த வேண்டும். படையைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவர இன்னும் 30 நாள் உண்டு. எழுத்தில் இது போதுமான சட்டம்.

நடைமுறையில் முதல் ஓட்டை வேகம். ஒரே இரவில் குண்டு போட்டுத் திரும்பிவிடுகிற தாக்குதலுக்கு 60 நாள் கெடு எந்த வகையிலும் பொருந்தாது. கணக்கு தொடங்கும்போது காரியம் முடிந்திருக்கும்.

அடுத்தது இன்னும் பெரியது. அதிபரின் கையெழுத்து இல்லாமலே இரு அவைகளும் பெரும்பான்மைத் தீர்மானத்தால் படையைத் திருப்பி அழைக்கலாம் என்பதுதான் 1973 சட்டத்தின் முதுகெலும்பு. கையெழுத்துக்குப் போகாத இப்படிப்பட்ட தீர்மானங்கள் செல்லாது என்று 1983இல் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் செனட்டில் இதைக் கூட்டுத் தீர்மானமாகத்தான் கொண்டுவருகிறார்கள். அது அதிபரிடம் போகும், அவர் ரத்து செய்வார். அதைத் தள்ள மூன்றில் இரண்டு பங்கு வேண்டும்: பிரதிநிதிகள் சபையின் 435இல் 290, செனட்டின் 100இல் 67. போரைத் தொடங்க அதிபர் பெரும்பான்மையைத் தேட வேண்டும் என்று சாசனம் எழுதியவர்கள் நினைத்தார்கள். இன்றோ 34 செனட்டர்கள் அதிபர் பக்கம் இருந்தால் போர் தொடரும். எங்கள் பார்வையில் இந்த நோயின் வேரே இந்தத் தலைகீழ்க் கணக்குதான்.

இது வெறும் வாதம் என்று நினைக்க வேண்டாம். 2019இல் ஏமன் போருக்கான உதவியை நிறுத்தும் தீர்மானம் செனட்டில் 54-46, பிரதிநிதிகள் சபையில் 247-175 என்று நிறைவேறியது. டிரம்ப் ரத்து செய்தார். அந்த ரத்தைத் தள்ள செனட்டில் நடந்த வாக்கெடுப்பு 53-45 பெரும்பான்மை இருந்தும் தோற்றது. 2020இல் ஈரானோடு அனுமதியின்றி மோதக்கூடாது என்ற தீர்மானம் செனட்டில் 55-45, பிரதிநிதிகள் சபையில் 227-186 என்று நிறைவேறி மே 6 அன்று ரத்தானது. மறுநாள் 49-44 வாக்கும் போதவில்லை. 2025 ஜூன் 27 அன்று செனட்டில் அதே மாதிரித் தீர்மானம் 47-53 என்று முதல் படியிலேயே விழுந்தது.

குற்றம் ஒரு கட்சியோடு முடிவதில்லை. 2011இல் ஒபாமாவின் லிபியா தாக்குதல் 60 நாளைத் தாண்டி ஓடியது. தரைப்படை இல்லை, எதிரியோடு தொடர்ந்த துப்பாக்கிச் சண்டை இல்லை, ஆகவே இந்தச் சட்டத்தின் கெடு பொருந்தாது என்று அவருடைய அரசு வாதாடியது. அந்த ஆண்டு ஜூன் 24 அன்று பிரதிநிதிகள் சபை நடந்துகொண்டதைக் கவனியுங்கள்: அனுமதி கொடுக்க மாட்டோம் என்று 295-123, பணத்தைக் கட்டுப்படுத்தவும் மாட்டோம் என்று 238-180. போரின் பொறுப்பும் வேண்டாம், அதை நிறுத்தும் பொறுப்பும் வேண்டாம். உங்கள் உறுப்பினர் எந்தக் கட்சியானாலும் இந்தப் பழக்கத்தைத்தான் முதலில் உடைக்க வேண்டும்.

சத்தமில்லாமல் நடக்கிற ஒரு வேலையும் உண்டு. போர் அதிகாரத் தீர்மானத்துக்கு முன்னுரிமை உண்டு. பிரதிநிதிகள் சபையில் குழு 15 நாளுக்குள் முடிக்க வேண்டும், அதன்பின் மூன்று நாளுக்குள் அவையில் வாக்கெடுப்பு. ஆனால் அவையின் தலைமை வேறொரு மசோதாவுக்கான விவாத விதியில் (அந்த மசோதாவை எப்படி விவாதிப்பது என்று அவை முன்கூட்டியே வாக்களித்து ஏற்கும் விதி) ஒரு வரி சேர்த்து இந்தக் கடிகாரத்தையே நிறுத்திவிடலாம். 2018 டிசம்பரில் ஏமன் தீர்மானத்துக்கு அப்படித்தான் ஆனது, அதுவும் விவசாய மசோதாவின் விதியில். 206-203 என்று நிறைவேறியது. மூன்று வாக்கு வித்தியாசம். போரைப் பற்றிய வாக்கு என்றே அன்றைக்கு வெளியில் பலருக்குத் தெரிந்திருக்காது.

நீதிமன்றம் போகலாமே என்றால், கொசோவோ போரின்போது உறுப்பினர்கள் சிலர் போட்ட வழக்கை, வழக்குத் தொடுக்கும் தகுதி அவர்களுக்கு இல்லை என்று 2000இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளிவிட்டது. அந்தக் கதவை நம்ப வேண்டாம்.

பொய் எப்படி உள்ளே நுழைகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 1964 ஆகஸ்ட் 4 இரவு வியட்நாமை ஒட்டிய டோங்கின் வளைகுடாவில் தங்கள் கப்பல்கள் மீது டார்பிடோக்கள் (தண்ணீருக்கடியில் பாயும் குண்டுகள்) வந்தன என்றது அமெரிக்க அரசு. மோசமான வானிலை, தண்ணீருக்கடி ஓசையைக் கேட்கும் சோனார்காரர்களின் பதற்றம், கண்ணால் பார்த்த சாட்சி இல்லை என்று களத்திலிருந்த தளபதியே சில மணி நேரத்தில் செய்தி அனுப்பினார். கப்பல் வேகமாகத் திரும்பும்போது அதன் சொந்தச் சுக்கானிலும் விசிறியிலும் எழுந்த ஓசை டார்பிடோவாகக் கேட்டிருக்கிறது. எக்கோ சவுண்டர் வைத்துத் தொழில் செய்கிற நம் ஊர் ஓட்டிகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். தன் படகு கலக்கிய தண்ணீர் திரையில் மீன்கூட்டமாகத் தெரிவதை அவர்கள் நம்பி வலை இறக்க மாட்டார்கள். ஆகஸ்ட் 7 அன்று பிரதிநிதிகள் சபை 416-0, செனட் 88-2 என்று வியட்நாம் போருக்கு அனுமதி கொடுத்தன. அந்த இரண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லை.

2002இல் ஈராக் விஷயத்தில் வேறு வழி. சதாம் வாங்க முயன்ற அலுமினியக் குழாய்கள் யுரேனியம் செறிவூட்டும் இயந்திரத்துக்கு என்று ரகசிய மதிப்பீட்டில் பெரும்பாலான அமைப்புகள் சொல்லியிருந்தன. அந்த இயந்திரங்களை நன்றாக அறிந்த எரிசக்தித் துறை நிபுணர்கள் மறுத்திருந்தார்கள். மக்களுக்குக் கொடுத்த சுருக்கத்தில் அந்த மறுப்பு சிலர் இவை வழக்கமான ஆயுதங்களுக்கானவை என்று கருதுகிறார்கள் என்ற அளவுக்குத் தேய்ந்துவிட்டது. சிலர் என்றால் யார், ஏன் மறுத்தார்கள் என்பது இல்லை. முழு மதிப்பீடு, போருக்கு அனுமதி தரும் வாக்கெடுப்புக்குச் சுமார் பத்து நாள் முன்பே உறுப்பினர்கள் படிக்கக் கிடைத்தது. முழுதாகப் படித்தவர்கள் வெகு சிலரே என்று பின்னால் தெரிந்தது. பிரதிநிதிகள் சபை 296-133, செனட் 77-23 என்று அனுமதி கொடுத்தன. சொன்ன பேரழிவு ஆயுதங்கள் கிடைக்கவில்லை.

2025க்கு வருவோம். ஈரான் அணு ஆயுதம் தயாரிக்கவில்லை என்பதே உளவு அமைப்புகளின் மதிப்பீடு என்று அதிபர் நியமித்த உளவுத்துறைத் தலைவர் மார்ச் மாதம் செனட் குழுவில் சொன்னார். அவர் சொன்னது தவறு என்று ஜூனில் அதிபர் சொன்னார். குண்டு விழுந்த அன்று இரவே அந்தத் தளங்கள் முற்றிலும் அழிந்துவிட்டன என்று தொலைக்காட்சியில் அறிவித்தார். ஃபோர்டோ மலைக்கடியில் ஆழத்தில் இருக்கிறது. மேலிருந்து எடுத்த படத்தில் துளைகள் தெரியும்; உள்ளே இயந்திரங்கள் என்ன ஆயின என்பது தெரியாது. அதை மதிப்பிட வாரக்கணக்கில் ஆகும். சில நாளில் வெளியே வந்த பாதுகாப்பு உளவு அமைப்பின் முதல் மதிப்பீடு சில மாதப் பின்னடைவுதான் என்றது, சி.ஐ.ஏ. தலைவர் பல ஆண்டுகள் என்றார். 60 சதவீதம் செறிவூட்டிய சுமார் 400 கிலோ யுரேனியம் எங்கே என்பதைச் சர்வதேச அணுசக்தி முகமையால் நேரில் சரிபார்க்க முடியவில்லை. அந்த முதல் இரவில் யாருக்கும் தெரிந்திருக்க முடியாத ஒன்றைத் தெரிந்ததாகச் சொன்னது, மக்களை ஏமாற்றுவதுதான்.

அப்படியானால் எது வேலை செய்யும்? பணம். 1969 மார்ச் முதல் கம்போடியா மீது ரகசியமாகக் குண்டு போட்டு, தென்வியட்நாமில் போட்டதாகக் கணக்கு எழுதி வைத்திருந்தார்கள். 1973 ஜூனில் கம்போடியா குண்டுவீச்சுக்கு நிதி தரக்கூடாது என்ற பிரிவோடு வந்த மசோதாவை நிக்சன் ரத்து செய்தார். அரசு ஓடத் தேவையான மற்ற மசோதாக்களிலும் அதே பிரிவைச் சேர்ப்போம் என்று உறுப்பினர்கள் நின்றார்கள். கையெழுத்துப் போடாவிட்டால் அரசாங்கத்துக்கே பணம் இல்லை. ஜூலை 1 அன்று போட்டார். ஆகஸ்ட் 15 அன்று குண்டுவீச்சு நின்றது. தனித் தீர்மானத்தை ரத்து செய்வது அதிபருக்கு எளிது; ராணுவத்துக்கே சோறு போடுகிற மசோதாவை ரத்து செய்வது எளிதல்ல.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது இது. அக்டோபர் 1இல் தொடங்கும் நிதியாண்டுக்கான பாதுகாப்பு நிதி மசோதாவில், நாடாளுமன்ற அனுமதி இல்லாமல் ஈரானுக்கு எதிரான தாக்குதலுக்கு இந்தப் பணத்தைச் செலவிடக்கூடாது என்ற பிரிவு வேண்டும். நேரடித் தாக்குதலைத் தடுப்பதற்கும் குடிமக்களை மீட்பதற்கும் விலக்கு இருக்கலாம். அந்த விலக்கைச் சொல்லிக் கேட்டால் எளிதில் மறுக்க முடியாது. போர் அதிகாரத் தீர்மானம் வந்தால் ஆதரிப்பதோடு, அதன் கடிகாரத்தை நிறுத்துகிற எந்த விவாத விதிக்கும் எதிராக வாக்களிக்கச் சொல்லுங்கள். வாக்களிக்கும் முன் ரகசிய மதிப்பீட்டை, மறுப்புக் குறிப்புகள் உட்பட, முழுதாகப் படித்தாரா என்பதை அவர் பகிரங்கமாகச் சொல்ல வேண்டும்.

தபாலில் கடிதம் அனுப்பாதீர்கள். 2001இல் தபாலில் ஆந்த்ராக்ஸ் என்ற கொடிய கிருமி வந்த சம்பவத்துக்குப் பிறகு வாஷிங்டன் அலுவலகத் தபால்கள் சோதனைக்குப் போய் வரத் தாமதமாகும். 202-224-3121 என்ற நாடாளுமன்றத் தொலைபேசி நிலையத்துக்கு அழைத்து உறுப்பினர் பெயரைச் சொன்னால் இணைப்பார்கள். பெயரும் ஜிப் கோடும் முதலில் சொல்லிவிடுங்கள், தொகுதிக்காரர் என்பது அதில்தான் தெரியும். “போர் வேண்டாம்” என்று பொதுவாகச் சொன்னால் பொதுக்குறிப்பாகத்தான் ஏறும். மசோதா எண்ணைச் சொல்லி, எப்படி வாக்களிக்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். வெளியுறவு, பாதுகாப்பு விஷயங்களைப் பார்க்கும் உதவியாளர் யார் என்று கேட்டு அவரிடமே பேசுவது இன்னும் நல்லது. அவை விடுமுறையில் உறுப்பினர் தொகுதிக்கு வருவார். ஒரே தொகுதியில் இருக்கும் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து நேரம் வாங்கிப் போய், பதிலை எழுத்தில் கேளுங்கள்.

நம் நாட்டில் இதெல்லாம் ஒழுங்கா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1987இல் இலங்கைக்கு அமைதிப்படையை அனுப்பும் முன் நம் நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு நடக்கவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் உயிரோடு திரும்பவில்லை. இங்கே 60 நாள் கெடுவும் இல்லை, 48 மணி நேர அறிக்கையும் இல்லை. அதற்காக எங்கள் உறுப்பினர்களிடம் நாங்கள் பேச வேண்டியதைத் தனியே பேசுவோம். உங்கள் கையில் ஏற்கெனவே ஒரு சட்டம் இருக்கிறது, அதைத் தேய விடாதீர்கள்.

உறுப்பினர் சொன்ன பதிலையும், பிறகு அவர் போட்ட வாக்கையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். இரு அவைகளின் இணையதளங்களிலும் ஒவ்வொரு வாக்கெடுப்பும் பெயர்வாரியாக இருக்கிறது. அதில் இறுதி வாக்கை மட்டும் பார்க்காமல், விவாத விதி மீதான வாக்கையும் நிதி மசோதாத் திருத்தங்கள் மீதான வாக்கையும் தேடி எடுத்து, அடுத்த சந்திப்பில் தாளாகவே மேசையில் வையுங்கள்.

இப்படிக்கு,
கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஊர்களில் மீனவர் பணியும் சட்டப் பணியும் செய்வோர்