கையெழுத்துக்கு முன்பே எங்களிடம் வாருங்கள்

சிங்கப்பூர் அனைத்துலக வர்த்தக நீதிமன்றத்தின் பதிவாளர்களுக்கும் அலுவலர்களுக்கும், அங்கே வாதாடும் தமிழ் வழக்கறிஞர்களுக்கும் வணக்கம்.

சிராங்கூன் சாலைக் கடைகளுக்கு இறக்குமதிப் பத்திரங்கள் தயாரித்துக் கொடுப்பது என் தொழில். பருப்பு, மிளகாய், புளி, சேலை என்று தமிழ்நாட்டிலிருந்து எது வந்தாலும் ஓர் ஒப்பந்தம் இருக்கும். விலை, எடை, கப்பல் தேதி மூன்றையும் முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரல் வைத்துப் படிப்பார். கடைசிப் பக்கத்தில், தகராறு வந்தால் எந்த நாட்டுச் சட்டம், எந்த நீதிமன்றம் என்று பொடி எழுத்தில் ஒரு பத்தி கிடக்கும். "அது எப்பவும் இருக்கிறதுதானே" என்று கையெழுத்து விழுந்துவிடும். மிளகாய் மூட்டை பூஞ்சை பிடித்து வந்து இறங்கிய பிறகுதான் அந்தப் பத்தியைத் தேடுவோம்.

அந்தப் பத்தியில் பெயர் குறிப்பிடக்கூடிய உங்கள் நீதிமன்றம் 2015 ஜனவரியில் தொடங்கியது. வெளிநாட்டு நீதிபதிகளும் அதில் அமர்கிறார்கள். சிங்கப்பூரோடு பெரிய தொடர்பில்லாத வழக்குகளில், இங்கே பதிவு செய்துகொண்ட வெளிநாட்டு வழக்கறிஞர்களும் வாதாடலாம். இத்தனை நாட்டு ஆட்களையும் காகிதங்களையும் ஒழுங்காக ஓடவைப்பது நீங்கள்தான். அந்த உழைப்பு வெளியே தெரிவதில்லை.

எங்கள் ஆட்களுக்கு இதில் மிகவும் முக்கியமானது ஒன்று உண்டு. உங்கள் நீதிமன்றம் உயர் நீதிமன்றத்தின் ஒரு பகுதி. சிங்கப்பூர் உயர் நீதிமன்றத் தீர்ப்பை, இந்திய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவின்படி அங்குள்ள மாவட்ட நீதிமன்றத்தில் தாக்கல் செய்து நிறைவேற்றக் கேட்கலாம். விதிவிலக்குகள் உண்டு, சரி. ஆனால் ஏமாற்றியவரின் கிடங்கும் வங்கிக் கணக்கும் தூத்துக்குடியில் இருக்கும்போது இது எவ்வளவு பெரிய பலம்! இதைத் தெரிந்து வைத்திருக்கும் கடை முதலாளியை நான் இன்னும் சந்திக்கவில்லை.

அதனால் ஒரு வேண்டுகோள். எங்கள் கடைகள் இருக்கும் தேக்கா பக்கம் வந்து, தமிழில், இதை விளக்குங்கள். பதிவக அலுவலர்கள் சட்ட ஆலோசனை சொல்ல முடியாது என்பது தெரியும். நடைமுறையைச் சொல்லலாம். ஒப்பந்தத்தைக் கையில் வாங்கிப் படித்துக் காட்டுவதை வழக்கறிஞர்கள் பார்த்துக்கொள்ளட்டும். எந்த வழக்கு உங்களிடம் வரும், எது வராது, செலவு எப்படி ஆகும் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். 20,000 சிங்கப்பூர் வெள்ளிக்கு உட்பட்ட சரக்குத் தகராறென்றால், இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் 30,000 வரை, சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. அங்கே வழக்கறிஞர் வைக்க முடியாது. இதையும் உங்கள் வாயால் சொன்னால்தான் நம்புவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், கடையில் நிற்கவே இடம் இருக்காது. வார நாளில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்தால் உட்கார்ந்து கேட்பார்கள். ஒப்பந்தத்தில் சேர்ப்பதற்கான உங்கள் மாதிரிப் பத்தியையும், அதற்கான தமிழ் விளக்கத்தையும் ஒரே தாளில் அச்சடித்துக் கொண்டு வாருங்கள். இடமும் ஆட்களும் ஏற்பாடு செய்வது என் பொறுப்பு.

அன்புடன்,
சிராங்கூன் சாலைப் பத்திர எழுத்தர் ஒருவர்