மகளிர் வகுப்பில் பாகப்பிரிவினைக் கணக்கும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சேலம் கோட்டை, கிச்சிப்பாளையம் பகுதிகளில் முஸ்லிம் மகளிர் அமைப்புகள் நடத்தும் மார்க்க வகுப்புகளில் குர்ஆன் ஓதுதலும் தொழுகை முறையும் நன்றாகவே கற்றுத் தரப்படுகின்றன. ஆனால் குடும்பம் உடைகிற இடங்களான மஹர் (மணமகன் மணமகளுக்குத் தரும் மணக்கொடை), இத்தா (கணவனை இழந்த அல்லது பிரிந்த பெண் காத்திருக்கும் காலம்), வாரிசுரிமை மூன்றும் பயானில் (மார்க்கச் சொற்பொழிவில்) இரண்டு வரியோடு போய்விடுகின்றன. அவற்றைத் தனிப்பாடமாக வைக்க வேண்டும்.

பாகப்பிரிவினையைக் கரும்பலகையில் கணக்காகவே போடலாம். மனைவி, தாய், ஒரு மகன், இரண்டு மகள்களை விட்டு ஒருவர் மவுத்தாகிறார் (இறக்கிறார்). அடக்கச் செலவு, கடன், மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாத வஸிய்யத் (உயில்) எல்லாம் போக மிச்சம் 24 லட்சம். மனைவிக்கு எட்டில் ஒன்று, 3 லட்சம். தாய்க்கு ஆறில் ஒன்று, 4 லட்சம். மீதி 17 லட்சத்தில் மகனுக்கு எட்டரை, மகள்களுக்குத் தலா நாலேகால்.

கணக்கு எளிது. தவறு அதற்கு முன்பே நடக்கிறது. கொடுபடாத மஹரும் கடன்தான். சொத்தைப் பிரிக்கும் முன்பே மனைவிக்குப் போய்ச் சேர வேண்டும். மையித்தை (இறந்தவரின் உடலை) எடுக்கும் நேரத்தில் உறவினர் சூழ நின்று, அழுதுகொண்டிருக்கும் பெண்ணிடம் "மஹரை மன்னிச்சிடும்மா" என்று கேட்கிறார்கள். அவள் தலையசைப்பது மன்னிப்பாகாது. குர்ஆனின் அன்னிஸா அத்தியாயத்தின் 4ஆவது வசனம், பெண் மனமுவந்து விட்டுக்கொடுத்தால் மட்டுமே என்கிறது. அதேபோல, கல்யாணத்தில் போட்ட நகையைக் காட்டி மகள்களிடம், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவதும் நடக்கிறது. தகப்பன் இருக்கும்போது கொடுத்தது அன்பளிப்பு. அதைப் பங்கில் கழிக்க முடியாது. தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழில் பெயர்கள்தான் இருக்கும், யாருக்கு எவ்வளவு என்று இருக்காது என்பதையும் பெண்கள் தெரிந்திருக்க வேண்டும்.

கணவனை இழந்தவளின் இத்தா 4 மாதம் 10 நாள். கர்ப்பிணிக்குப் பிரசவம் வரை. மவுத்தான நாளிலிருந்தே எண்ண வேண்டும், நாற்பதாம் நாள் பாத்திஹாவிலிருந்து அல்ல. பிழைப்புக்கு வேறு வழியில்லாதவள் பகலில் வெளியே போய்வர ஹனஃபி மத்ஹப் (இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளில் ஒன்று) அனுமதிக்கிறது. இதைச் சொல்லித் தராததால் பென்ஷன் மனுவும் வங்கி வேலையும் மாதக்கணக்கில் கிடக்கின்றன.

நிக்காஹ்வுக்கு முன்பு மணப்பெண்ணுடன் ஒருநாள் உட்கார்ந்து பேசும் பொறுப்பை இந்த அமைப்புகள் ஏற்கலாம். மஹர் எவ்வளவு, உடனே எவ்வளவு, பாக்கி எப்போது என்று தஃப்தரில் (ஜமாஅத்தின் திருமணப் பதிவேட்டில்) எழுதச் சொல்லி, நகலைப் பெண்ணின் கையில் கொடுக்க வேண்டும். "பிறகு" என்று மட்டும் எழுதினால் அந்தப் பிறகு வருவதே இல்லை. ஜமாஅத் தஃப்தர் இருந்தாலும், 2009ஆம் ஆண்டுத் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாள்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதிய வேண்டும்.

வீட்டில் உருது பேசினாலும் தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த பெண்கள் இங்கே ஏராளம். ஆகவே பாடக் குறிப்பு தமிழில் இருக்கட்டும். தஃப்தரில் கையெழுத்தாகும் முன், மணப்பெண்ணின் சார்பில் ஓர் ஆலிமா (மார்க்கக் கல்வி கற்ற பெண்) அதைப் படித்துப் பார்க்க முத்தவல்லிகள் (பள்ளிவாசல் நிர்வாகிகள்) இடம் தர வேண்டும்.

மார்க்க வகுப்பு ஆசிரியைகள்,
கோட்டை, சேலம்.