1928 ஓட்டத்தில் யாரும் பாதியில் விழவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் ஓடிய பெண்கள் பாதி வழியிலேயே சுருண்டு விழுந்ததால்தான் அந்தப் போட்டியை நீக்கினார்கள் என்று உங்கள் ஞாயிறு விளையாட்டுப் பக்கத்தில் வந்திருந்தது. நீக்கியது உண்மை. விழுந்த கதை அன்றைய பத்திரிகைகள் கட்டிவிட்டது.

ஓடியவர்கள் பதினொரு பேர், அதில் ஐந்து பேர் பாதியில் விலகினார்கள் என்றுகூட ஒரு நிருபர் எழுதினார். 1928 ஆகஸ்ட் 2 அன்று இறுதிப் போட்டியில் ஓடியதே ஒன்பது பேர்தான். ஒன்பது பேரும் எல்லைக்கோட்டைத் தாண்டினார்கள். முந்தின நாள் தகுதிச்சுற்று ஓடிய அதே கால்களோடு ஜெர்மனியின் லினா ராட்கே 2 நிமிடம் 16.8 விநாடியில் வென்றார். அது உலக சாதனை.

ஓடி முடித்தபின் சிலர் தரையில் சாய்ந்தார்கள், மறுக்கவில்லை. இந்தத் தூரத்தில் ஆண்களும் சாய்வார்கள். கடைசி 200 மீட்டரில் தசையில் அமிலம் ஏறிக் கால் கனத்துவிடும். சட்டென்று நின்றால், ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருந்த கெண்டைக்கால் தசையின் வேலையும் நின்றுபோய், ரத்தம் காலில் தேங்கித் தலை சுற்றும். ஓடி முடித்தவரை உட்காரவிடாமல் பயிற்சியாளர்கள் நடக்கச்சொல்லி விரட்டுவது இதற்காகத்தான். ஆனால் ஆண் விழுந்தால் உயிரைக் கொடுத்து ஓடினான் என்பார்கள். பெண் விழுந்தால் உடம்பு தாங்காது என்று தீர்ப்பே எழுதிவிடுவார்கள்.

அந்தத் தீர்ப்பு 32 ஆண்டு நின்றது. 1960 ரோம் ஒலிம்பிக்கில்தான் பெண்களுக்கு 800 மீட்டர் திரும்பி வந்தது. இடைப்பட்ட காலத்தில் அவர்களுக்கு அதிகபட்சத் தனிநபர் ஓட்டம் 200 மீட்டர். அதுவும் 1948இல் சேர்த்தது. 1500 மீட்டர் 1972இல், மாரத்தான் 1984இல். ஆண்கள் 1920 முதல் ஓடும் 3000 மீட்டர் ஸ்டீபிள்சேஸ் (தடைகளையும் நீர்க்குழியையும் தாண்டி ஓடுவது) பெண்களுக்கு 2008இல் கிடைத்தது. நீச்சலிலும் இதே கதைதான்: ஆண்களுக்கு 1908 முதல் இருக்கும் 1500 மீட்டர் ஃப்ரீஸ்டைல், பெண்களுக்கு 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் வந்தது.

இதையெல்லாம் சொல்லாமல் ஒரே பட்டியலில் ஆண், பெண் சாதனைகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு வித்தியாசத்தை மட்டும் தடித்த எழுத்தில் அச்சிடுவது நியாயமில்லை. அந்தப் போட்டி பெண்களுக்கு எந்த ஆண்டு ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது என்று ஒரு கட்டம் கூடுதலாகப் போடுங்கள். குண்டு எறிதல் என்றால் எடையையும் (பெண்களுக்கு 4 கிலோ, ஆண்களுக்கு 7.26), தடை ஓட்டம் என்றால் தூரத்தையும் தடையின் உயரத்தையும் (பெண்களின் 100 மீட்டருக்கு 83.8 செ.மீ., ஆண்களின் 110 மீட்டருக்கு 106.7) குறிப்பிட வேண்டும். உண்மையில், அளவே வேறாக இருக்கும் இவற்றை ஒரே பட்டியலில் ஒப்பிடவே கூடாது என்பது என் கருத்து.

இப்படிக்கு,
தடகளப் பயிற்சியாளர் ஒருவர்