போலந்துக்குப் போகும் மகளுக்கு

திருநகர்,
மதுரை.

அன்பு மகளுக்கு,

வார்சாவில் வேலை கிடைத்துவிட்டது என்று நீ சொன்ன நாள் முதல், உன் அப்பா அங்கே வாடகை எவ்வளவு, குளிருக்கு என்னென்ன வாங்க வேண்டும் என்று விசாரித்துக்கொண்டே இருக்கிறார். எனக்கு இருக்கும் கவலை வேறு. கருத்தடையைப் பற்றியும் கருக்கலைப்பைப் பற்றியும் எழுதப் போகிறேன். உனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லையே, அம்மாவுக்கு இப்போது ஏன் இந்தப் பேச்சு என்று நினைக்காதே. உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் நர்சம்மாவாகத் திண்ணை திண்ணையாக உட்கார்ந்து இதைப் பேசிய நான், பெற்ற மகளிடம் பேசத் தயங்குவது நியாயமில்லை. நீ யாருடன் பழகுகிறாய் என்று துருவுவதற்காகவும் இதை எழுதவில்லை.

நீ இப்போது படிக்கும் பெர்லினிலிருந்து வார்சா ரயிலில் அரை நாள் பயணம்கூட இல்லை. ஆனால் எல்லையைத் தாண்டியதும் சட்டம் அடியோடு மாறிவிடுகிறது. ஜெர்மனியில் கருக்கலைப்பு இன்றும் குற்றவியல் சட்டத்தில்தான் இருக்கிறது என்றாலும், கருவுற்ற 12 வாரங்களுக்குள், அங்கீகாரம் பெற்ற ஆலோசனை மையத்தில் பேசிச் சான்று வாங்கி, முழுதாக மூன்று நாள் கழித்து மருத்துவரிடம் போனால் தண்டனை கிடையாது. அந்த ஆலோசனையைப் பெயர் சொல்லாமலேகூடப் பெறலாம். அங்கே குடியிருக்கும் பெண்ணுக்கு வருமானம் குறைவு என்றால், காப்பீட்டு நிறுவனத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்துச் செலவை அரசே ஏற்கும்படி செய்துகொள்ளவும் வழி உண்டு. வெளிநாட்டு மாணவி என்று யாரும் திருப்பி அனுப்புவதில்லை.

போலந்தில் அப்படி இல்லை. கருவில் கடுமையான குறை இருந்தாலும் கலைக்கக் கூடாது என்று அந்த நாட்டு அரசியலமைப்புத் தீர்ப்பாயம் 2020 அக்டோபரில் சொன்னது. 2021 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. வன்கொடுமை போன்ற குற்றத்தால் உண்டான கரு, தாயின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து என்ற இரண்டு காரணங்கள்தான் மிச்சம். அதே 2021 செப்டம்பரில் பிஷ்சினா என்ற ஊரில், 22ஆம் வாரத்தில் பனிக்குடம் உடைந்து மருத்துவமனைக்குப் போன 30 வயதுப் பெண், குழந்தையின் இதயத் துடிப்பு நிற்கட்டும் என்று மருத்துவர்கள் காத்திருந்ததில், இரத்தத்தில் நஞ்சு பரவி இறந்துபோனாள். இதைப் படித்தபோது எனக்குச் சவிதா ஹலப்பனவர் நினைவுதான் வந்தது. நம் பக்கத்துக் கர்நாடகத்திலிருந்து அயர்லாந்துக்குப் போன பல் மருத்துவர் அவர். 17ஆம் வாரத்தில் கரு கலையத் தொடங்கி, காப்பாற்ற முடியாது என்று தெரிந்த பிறகும், கலைத்துவிடுங்கள் என்று கேட்டும் மறுக்கப்பட்டு, 2012 அக்டோபர் 28 அன்று கால்வே நகரத்து மருத்துவமனையில் இறந்தார். 2018இல் அயர்லாந்து மக்கள் வாக்களித்து, கருக்கலைப்பைத் தடுத்த அந்தச் சட்டத்தை மாற்றினார்கள். சவிதா படித்தவர், மருத்துவம் தெரிந்தவர், கணவர் பக்கத்திலேயே இருந்தார். அப்படிப்பட்டவரின் பேச்சே அங்கே எடுபடவில்லை என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

சட்டம் நல்லதாக இருந்தாலும் வெளியூர்க்காரிக்கு அது எட்டாமல் போவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். செங்கல் சூளை வேலைக்கு விழுப்புரம் பக்கமிருந்து வந்த ஒரு பெண், ஐந்தாம் மாதத்தில் கருவைக் கலைக்க யாரோ எருக்கங்குச்சி வைத்துவிட, காய்ச்சலில் கிடந்தாள். வந்து சில வாரமே ஆகியிருந்ததால் எங்கள் பதிவேட்டில் அவள் பெயர் ஏறவில்லை. ஆட்டோவில் என் மடியில் தலை வைத்து, பெரியாஸ்பத்திரி வரும்வரை உடம்பு அனலாகக் கொதித்தது. வாசலில் இறக்கும்போது, "இங்க காசு கேக்காமப் பாப்பாங்களாக்கா?" என்று கேட்டாள். 1971 முதல் நாட்டில் சட்டம் இருக்கிறது, அரசு ஆஸ்பத்திரியில் ஒரு பைசா செலவில்லை. வந்த ஊரில் அதை அவளுக்குச் சொல்ல ஆள் இல்லை. பிழைத்துக்கொண்டாள். ஆனால் கருப்பையை எடுக்க வேண்டியதாயிற்று.

ஆகவே உன் வசிப்பிட அட்டை விஷயத்தில் கவனமாக இரு. செல்லுபடியாகும் போலந்து அட்டையோ நீண்டகால விசாவோ கையில் இருந்தால், 180 நாட்களில் 90 நாள்வரை ஜெர்மனிக்கோ நெதர்லாந்துக்கோ போய்வரலாம். ஆனால் பழையது முடிந்து, புதியதற்கு விண்ணப்பித்துவிட்டு, விண்ணப்பித்ததற்கான அத்தாட்சியை மட்டும் வாங்கிக் காத்திருக்கும் காலத்தில், போலந்தில் சட்டப்படி இருக்கலாமே தவிர, அந்த அத்தாட்சியை வைத்துக்கொண்டு பக்கத்து நாட்டுக்குப் போக முடியாது. போலந்துப் பெண் அவசரத்துக்கு ரயில் ஏறிவிடுவாள், உன்னால் முடியாது. அதனால் அட்டை முடியும் தேதியையும் உன் மாதவிலக்குத் தேதியையும் ஒரே நாட்காட்டியில் குறித்து வை. நாள் தள்ளிப்போனால் அந்த வாரமே சோதித்துப் பார்; அங்கே வாரங்கள்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன. இன்னொன்று, தன் கருவைத் தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணுக்கு அந்த நாட்டில் தண்டனை இல்லை, உதவியவருக்கோ மூன்று ஆண்டுவரை சிறை உண்டு. தோழிக்காக மாத்திரை வாங்கிக் கொடுக்கும் நல்ல மனம் உனக்கு இருக்கிறது என்று தெரியும் என்பதால்தான் சொல்கிறேன்.

கருத்தடைக்கு வருகிறேன். அவசர கருத்தடை மாத்திரை ஜெர்மனியில் 2015 முதல் மருந்துச் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. ஒரு வகையை மூன்று நாளுக்குள்ளும், யுலிப்ரிஸ்டால் வகையை ஐந்து நாளுக்குள்ளும் போட வேண்டும், எவ்வளவு சீக்கிரம் போடுகிறாயோ அவ்வளவு பலன். போலந்தில் அதற்குச் சீட்டு வேண்டும். 2024 மே மாதத்தில் சில மருந்துக் கடைகளில் மருந்தாளுநரே சீட்டு எழுதித் தரும் ஏற்பாடு தொடங்கியது. ஆனால் அவசர மாத்திரையை நம்பி வாழ்வதை நான் எந்தப் பெண்ணுக்கும் சொன்னதில்லை. கருப்பைக்குள் வைக்கும் காப்பர் டி போட்டுக்கொள்வது உனக்குப் பொருந்தும் என்பது என் எண்ணம். குழந்தை பெறாதவர்கள் போடக் கூடாது என்று இங்கே சொல்வது தவறு. பல ஆண்டு நிற்கும், வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம். மாதவிலக்கு கொஞ்சம் கூடும். உனக்கு இரத்தம் குறைவு என்பதால் அதை மட்டும் மருத்துவரிடம் சொல். ஓ நெகடிவ் என்பதையும் எங்கே போனாலும் முதலிலேயே சொல்லிவிடு. ஆணுறையை விட்டுவிடாதே, நோய்த்தொற்றுக்கு வேறு காவல் இல்லை.

எல்லா வழியும் அடைபட்டால் விமானம் ஏறி மதுரைக்கு வந்துவிடு. 2021 திருத்தத்துக்குப் பிறகு நம் நாட்டில் 20 வாரம்வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 24 வாரம்வரை குறிப்பிட்ட நிலைகளில் இரண்டு மருத்துவர்கள். அதில் கல்யாணம் ஆகாதவர்களை ஒதுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்திருக்கிறது. 18 வயது நிரம்பியவளுக்கு அவள் கையெழுத்து மட்டும் போதும். அப்பாவும் வேண்டாம், நானும் வேண்டாம். பெயரை வெளியே சொல்லும் மருத்துவருக்குத் தண்டனை உண்டு. இங்கே சில இடங்களில் இன்னும் கணவன் கையெழுத்து கேட்பார்கள். அப்படிக் கேட்டால் நான் கூடவே வந்து பேசிக்கொள்கிறேன்.

பெர்லினில் புதிதாகப் பெண்கள் நல மருத்துவரிடம் நாள் வாங்கப் பல வாரம் ஆகும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். மாணவர் காப்பீடு முடிவதற்குள் கேட்டுவிடு. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது நாள் கிடைத்ததா என்று மட்டும் சொன்னால் போதும், மற்றது உன் விருப்பம்.

அன்புடன்,
அம்மா