போபண்ணா ஆரம்பித்தது 11 வயதில்

ஆசிரியர் அவர்களுக்கு,

டென்னிஸ் வீரர் ரோகன் போபண்ணா பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரை, 2024இல் 43 வயதில் அவர் ஆஸ்திரேலியாவின் மேத்யூ எப்டனோடு வென்ற ஆஸ்திரேலிய ஓப்பன் இரட்டையர் பட்டத்தையே சுற்றிவந்தது. பிள்ளையை டென்னிஸில் சேர்க்கும் பெங்களூரு பெற்றோருக்கு அதைவிடப் பயன்படுவது அவருடைய ஆரம்பக் காலம்.

1980இல் பெங்களூருவில் பிறந்தாலும் வளர்ந்தது குடகில். மட்டையைத் தொட்டதே 11 வயதில். ஹாக்கியும் கால்பந்தும் கூடவே உண்டு. 14 வயதில் புனே சென்று நந்தன் பாலிடம் பயிற்சி, பிறகு பெங்களூருவில் மகேஷ் பூபதியின் தந்தை நடத்திய பயிற்சிக்கூடம். தொழில்முறை ஆட்டக்காரரானது 2003இல். முதல் கிராண்ட் ஸ்லாம் பட்டம் கிடைத்தபோது வயது 37: 2017 பிரெஞ்சு ஓப்பன் கலப்பு இரட்டையர், அதுவும் இறுதியாட்டத்தில் எதிரணிக்கு வெற்றி ஒரே புள்ளி தூரத்தில் இருந்த இரண்டு மேட்ச் பாயின்ட்டுகளைத் தாண்டி.

இங்கே பயிற்சிக்கூடங்களில் ஐந்து வயதிலேயே பெரியவர்களுக்கான 27 அங்குல மட்டை, மஞ்சள் பந்து, 78 அடிக் களம். பந்து தலைக்கு மேல் எகிறும். அதைச் சமாளிக்கக் குழந்தை உள்ளங்கையைக் கைப்பிடிக்கு அடியில் கொண்டுபோய், மணிக்கட்டாலேயே தட்டப் பழகிவிடும். நான்கைந்து வருடம் கழித்து சர்வீஸும் வாலியும் (பந்து தரையில் படுமுன் அடிப்பது) வராமல் திணறுவது இதனால்தான். அப்போது பிடியை மாற்றுவது பெரும் பாடு. சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு இதற்குத் தெளிவான வழி வைத்திருக்கிறது. எட்டு வயது வரை சிவப்புப் பந்து, 36 அடிக் களம். பத்து வரை ஆரஞ்சுப் பந்து, 60 அடி. அதற்குப் பிறகு பச்சைப் பந்தோடு முழுக் களம். சிவப்புப் பந்தின் வேகம் மஞ்சளைவிட 75 சதவீதம் குறைவு. ஐந்து வயதுக்கு 19 அல்லது 21 அங்குல மட்டை தாராளம். பெரிய மட்டை வாங்கினால் நாலு வருடத்துக்கு ஆகும் என்று கணக்குப் போடாதீர்கள், அது பள்ளிச் சீருடை அல்ல.

கட்டுரை தொடாத இன்னொன்று இரட்டையர் ஆட்டம் எப்படி நடக்கும் என்பது. பாதிக் களத்தைக் காத்தால் போதும். ஏடிபி (ஆண்கள் தொழில்முறைச் சுற்று) போட்டிகளில் 40-40 ஆனால் ஒரே புள்ளியில் கேம் முடியும். மூன்றாவது செட்டுக்குப் பதில் பத்துப் புள்ளி டைபிரேக். முழங்கால் குருத்தெலும்பு தேய்ந்த பிறகும், ஐயங்கார் யோகாவின் துணையோடு, போபண்ணா சர்வீஸை நம்பி நீடித்ததற்கு இந்த விதிகளும் கைகொடுத்தன. நம் பயிற்சிக்கூடங்களிலோ நாள் முழுக்க பேஸ்லைனில், அதாவது களத்தின் பின்கோட்டில், நின்றே அடிக்கிறார்கள். வாலிக்குக் கடைசிப் பத்து நிமிடம்; மழை தூறினால் முதலில் போவதும் அதுதான்.

டென்னிஸ் பயிற்சியாளர்,
அல்சூர், பெங்களூரு